நீக்கினாலும் திரும்பி வரும் வைரஸ்

வைரஸை அழிப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. ஸ்கேன் ஓட்டினால் சிவப்பு எழுத்தில் நாலைந்து பெயர்கள் வரும். பட்டனை அழுத்தினால் போய்விடும். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் அதே விளம்பரம், அதே புரியாத தேடல் பக்கம், அதே மந்தம். இந்த அத்தியாயம் அந்த மறுநாளைப் பற்றியது. பெரும்பாலான வீடுகளில் மனம் விட்டுப்போய் மெஷினை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது அன்றைக்குத்தான். கடையில் 'ஃபார்மட் அடித்துவிடலாம்' என்பார்கள். சில சமயம் அதுதான் சரியான முடிவு. ஆனால் பல சமயம் ஒரு மாலை நேரம் செலவழித்து வீட்டிலேயே முடித்திருக்கக்கூடிய வேலைக்காகப் பத்து வருடப் படங்கள் பறிபோகின்றன.

திரும்பி வருவதற்குக் காரணம் எளிமையானது. ஸ்கேனில் சிக்கி அழிந்தது விளம்பரம் காட்டிய கோப்பு. அதைக் கொண்டுவந்து வைத்தது வேறொன்று; அது இன்னும் உள்ளே இருக்கிறது. கோரையை மேலாக அறுத்துவிட்டு மண்ணுக்குள் கிழங்கை விட்டுவைத்த கதைதான். ஆகவே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி, 'இது என்ன வைரஸ்' என்பதை விட, 'இதைத் திரும்பக் கூட்டிவருவது எது' என்பதே. இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டுக் கம்ப்யூட்டருக்கானது.

தொடங்கும் முன்

முதல் வேலை, நெட்டைத் துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள்; கேபிள் என்றால் பிடுங்கிவிடுங்கள். இன்று சுற்றும் மால்வேரில், அதாவது வைரஸ் போன்ற கெடுதல் மென்பொருள்களில், பல வகைகள் விளம்பரத்தோடு நிற்பதில்லை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் செய்த நிலையைக் காக்கும் குக்கீகளையும் அள்ளி வெளியே அனுப்பிவிடுகின்றன. மெஷின் சுத்தமாகும் வரை அதில் பேங்க் பக்கத்தையோ மெயிலையோ திறக்காதீர்கள். அவசரமானால் போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் சொந்தக் கோப்புகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் மட்டும் போதும். 'பிறகு உதவும்' என்று சேர்த்து வைத்திருக்கும் செட்டப் கோப்புகள், கிராக் கோப்புகள் எதையும் எடுக்கவேண்டாம். நகல் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு விலக்கு: உங்கள் படங்களின் பெயருக்குப் பின்னால் இதுவரை காணாத நாலைந்து எழுத்து ஒட்டிக்கொண்டு, எதுவும் திறக்காமல் இருந்தால் அது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். அப்போது பழைய நகல்கள் உள்ள டிஸ்கைச் செருகவே செருகாதீர்கள். நேராக 'எப்போது ஃபார்மட்' என்ற பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சமீபத்திய லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் எனும் பூட்டு, வாங்கியவருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கிறது. சேஃப் மோடுக்குப் போகும்போதோ பென்டிரைவ் வழியாக பூட் செய்யும்போதோ திடீரென 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகே மேலே செல்லுங்கள்.

கருவிகளை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். கூகுளில் பெயரைத் தேடி முதலில் வருவதை அழுத்தவேண்டாம். 'ஸ்பான்சர்ட்' என்ற குறியோடு மேலே நிற்பது விளம்பரம். வைரஸ் நீக்கியின் பெயரிலேயே வைரஸை விற்கும் விளம்பரங்கள் அங்கே வந்திருக்கின்றன. நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். நமக்கு வேண்டியவை நான்கு: மால்வேர்பைட்ஸ், அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ், பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். பணம் கொடுக்காமலே இந்த வேலைக்கு இவை போதும். மால்வேர்பைட்ஸ் முதல் சில நாட்களுக்கு முழு வசதியோடு ஓடிவிட்டுப் பிறகு பணம் கேட்கும். கட்டாவிட்டாலும் ஸ்கேன் செய்யும், நீக்கும். இந்திய அரசின் செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்திலும் இலவச நீக்கிகள் கிடைக்கின்றன.

முதலில் எளிதானவை

திரையின் வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' என்று பெட்டி எழும்புகிறதா? பெரும்பாலும் அங்கே வைரஸே இருக்காது. என்றோ ஒருநாள் இலவசமாகக் கிரிக்கெட்டோ படமோ பார்க்கப் போன தளத்தில் 'அலவ்' என்பதை யாரோ அழுத்தியிருப்பார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்காகவே ஃபார்மட் ஆன கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

திரை முழுவதும் அடைத்துக்கொண்டு, சைரன் ஒலியோடு, மைக்ரோசாஃப்டுக்குப் போன் செய்யச் சொல்லும் பக்கமும் வெறும் வெப் பக்கம்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கொடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர் யாராவது பயந்துபோய் ஏற்கெனவே அந்த நம்பரில் பேசி, எதிர்முனையில் இருந்தவர் சொன்ன ரிமோட் மென்பொருளைப் போட்டிருந்தால் அதுவே முதலில் நீக்கவேண்டியது. அவரைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். என்னென்ன பேசினார், எந்த எண்ணைப் படித்துக் காட்டினார் என்று முழுதாகச் சொன்னால்தான் பணத்தைக் காக்க முடியும். திட்டு விழும் என்று பயந்தால் பாதியை மறைத்துவிடுவார்.

அடுத்து செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்னென்ன உள்ளே வந்தன என்று பாருங்கள். பிடிஎஃப் மாற்றி ஒன்றை நீங்கள் போட்டிருப்பீர்கள். அதே நாளில் நீங்கள் கேட்காத ஒரு பிரவுசரும், ஒரு 'டிரைவர் அப்டேட்டரும்', ஒரு 'ஸ்பீட் பூஸ்டரும்' சேர்ந்து வந்திருக்கும். 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனதன் விளைவு. எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கும்போது 'உண்மையாகவே போகட்டுமா, சலுகை தரட்டுமா' என்று கேட்கும் பெட்டிகளை நிதானமாகப் படியுங்கள். 'வேண்டாம்' என்ற பட்டனை வேண்டுமென்றே மங்கலாக வைத்திருப்பார்கள்.

இப்போது ஸ்கேன். அதற்கும் முன்னால் ஓர் இடத்தைப் பார்த்தாகவேண்டும்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். இது ஸ்கேன் தொடக்கூடாத இடங்களின் பட்டியல். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் இது காலியாக இருக்கவேண்டும். உள்ளே ஒரு ஃபோல்டரின் பெயரோ, சில நேரம் சி டிரைவ் முழுதுமோ எழுதப்பட்டிருந்தால், எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'எதுவும் இல்லை' என்றே வரும். மால்வேரே இதை எழுதிக்கொள்ளும். கடையில் திருட்டு விண்டோஸ் போட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியவரும் எழுதியிருக்கலாம், ஏனென்றால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் விழித்திருந்தால் அந்த ஆக்டிவேட்டரைப் பிடித்துவிடும். எழுதியது யாராக இருந்தாலும் அழித்துவிடுங்கள். அதே பக்கத்தில் டாம்பர் புரொடெக்ஷன் அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

பிறகு நெட்டைச் சிறிது நேரம் இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அது முடிந்ததும் அதே பட்டியலில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். பிடிவாதமான மால்வேருக்கு இதுதான் முக்கியம். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, உங்கள் விண்டோஸ் எழுவதற்கு முன்பே, தனியான சிறு சூழலில் இருந்துகொண்டு டிஸ்கைத் துழாவும். விண்டோஸ் எழாததால் மால்வேரும் எழுந்திருக்காது. ஒளிந்துகொள்ளவோ தடுக்கவோ அதனால் முடியாது. சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவைப் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம். பிறகு ஆட்வ்கிளீனர், அதன்பின் மால்வேர்பைட்ஸ், ஒன்றன்பின் ஒன்றாக. நிரந்தரக் காவல் செய்யும் இரண்டு ஆன்டிவைரஸை ஒரே மெஷினில் போட்டு வைக்காதீர்கள்; ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெஷினை முடக்கிவிடும்.

கூட்டிவருவது எது

இவ்வளவும் முடிந்து மறுநாளும் வந்துவிட்டதென்றால், உண்மையான வேலை இங்கே தொடங்குகிறது. அடிக்கடி காண்கிற ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம். எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலில் நீங்கள் போடாத ஒன்று இருக்கிறது; ஆனால் அதற்கு மட்டும் 'ரிமூவ்' பட்டன் இல்லை. குரோமின் மூன்று புள்ளி மெனுவை இறக்கினால் அடியில் 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று ஒரு வரி. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அந்த வரி இயல்பு. சில ஆன்டிவைரஸ்கள் இருந்தாலும் வரலாம். நீங்களே காசு கொடுத்து வாங்கிய, ஆன்டிவைரஸ் எதுவும் போடாத வீட்டு மெஷினில் வந்தால் அங்கே நிர்வாகியாக உட்கார்ந்திருப்பது மால்வேர்.

பெரிய நிறுவனங்கள் ஆயிரம் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த குரோமில் 'பாலிசி' என்ற வசதி உண்டு. இந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்கவேண்டும், நீக்க அனுமதியில்லை என்று அதில் எழுதலாம். மால்வேர் செய்வது அதே வழியில் தன் பெயரை எழுதிக்கொள்வதுதான். முகவரிப் பட்டையில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் போட்டு, பாலிசி என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி என்டர் அடித்தால் இப்போது அமலில் உள்ள கட்டளைகள் தெரியும். அவை இருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி (ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தட்டித் திறக்கலாம்): லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் என்ற இரண்டு கிளைகளிலும் சாஃப்ட்வேர், அதனுள் பாலிசீஸ், அதனுள் கூகுள், அதனுள் குரோம். அந்தக் குரோம் கிளையின் மீது வலது கிளிக் செய்து, முதலில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். குரோமை மூடித் திறந்தால் 'ரிமூவ்' பட்டன் திரும்ப வந்திருக்கும்.

இத்தோடு முடிந்ததென்று எழுந்துவிடக்கூடாது. அந்தப் பாலிசியை எழுதியது யார்? இந்த வேலைக்கு மால்வேர் மிகவும் விரும்பும் இடம் டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டித் திறந்து, இடப்பக்கம் லைப்ரரியை அழுத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் 'டிரிகர்ஸ்' எப்போது ஓடும் என்பதையும், 'ஆக்ஷன்ஸ்' எதை ஓட்டும் என்பதையும் சொல்லும். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். 'அப்டேட்' என்ற சொல்லைச் சேர்த்து நம்பகமான பெயராக வைத்திருப்பார்கள். ஆக்ஷன்ஸைப் பாருங்கள். பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்எச்டிஏ இவற்றில் ஒன்று, உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைவான இடத்தில் உள்ள ஒரு ஸ்கிரிப்டை, லாகின் ஆகும்போதெல்லாமோ மணிக்கொரு முறையோ ஓட்டினால், தேடிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர் என்று குறித்துக்கொண்டு, முதலில் டாஸ்கை அழியுங்கள், பிறகு கோப்பை. கோப்பைத்தான் ஸ்கேனர் நேற்று அழித்தது. டாஸ்க் மிச்சமிருந்ததால் அது நெட்டிலிருந்து புதிதாக இறக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் என்ற உள் ஃபோல்டரில் இருப்பவை விண்டோஸின் சொந்த வேலைகள். காரணம் தெரியாமல் அவற்றில் கை வைக்கவேண்டாம்.

இன்னொரு வழியிலும் இதே எக்ஸ்டென்ஷன் திரும்பும். குரோமில் உங்கள் கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்தால், இங்கே நீக்கியது கணக்கிலிருந்து மறுபடி இறங்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்ட கம்ப்யூட்டரில்கூட முதல் லாகினிலேயே வந்து நிற்கும். ஆகவே சுத்தம் செய்யும் வேளையில் சிங்கை நிறுத்துங்கள். வீட்டில் வேறொரு கம்ப்யூட்டரிலும் அதே கணக்கு இருந்தால் அங்கேயும் எக்ஸ்டென்ஷனை நீக்கிய பிறகே மறுபடி இயக்குங்கள்.

பாலிசி, டாஸ்க் இரண்டிலும் எதுவும் அகப்படவில்லை என்றால் ஆட்டோரன்ஸ். விண்டோஸ் எழும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும் கருவி இது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் அவர்களின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்டால் நூற்றுக்கணக்கான வரிகள் சில டஜனாகச் சுருங்கும். அதே மெனுவில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கையொப்பச் சரிபார்ப்பையும் வைரஸ்டோட்டல் சோதனையையும் போடுங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட ஸ்கேனர்களில் எத்தனை இந்தக் கோப்பைக் கெட்டது என்கின்றன என்று ஓரத்தில் எண் வரும். எழுபதில் ஒன்று என்றால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். நாற்பது என்றால் யோசிக்க எதுவுமில்லை. மஞ்சள் வரி, கோப்பு ஏற்கெனவே போய்விட்டது, அழைப்பு மட்டும் மிச்சம் என்று பொருள். இளஞ்சிவப்பு, வெளியிட்டவர் பெயரோ சரியான கையொப்பமோ இல்லை என்பதைக் காட்டும். அது மட்டுமே குற்றமாகிவிடாது, தமிழ் டைப்பிங் மென்பொருள் போன்ற சிறிய நல்ல மென்பொருள்களும் கையொப்பமின்றி வரும். சந்தேகமானதை உடனே அழிக்காமல், இடப்பக்கப் பெட்டியில் உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிசகினால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சர்வீசஸ், டபிள்யூஎம்ஐ ஆகிய டேப்களையும் பார்க்க மறக்கவேண்டாம்.

இரண்டாக ஓடும்போது

டாஸ்க் மேனேஜரில் ஒன்றை முடிக்கிறீர்கள். கண் இமைப்பதற்குள் அதே பெயர் மறுபடி நிற்கிறது. அங்கே இரண்டு பிராசஸ்கள் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஒன்று செத்தால் மற்றது அதை எழுப்பும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் நீங்கள் ஜெயிக்க முடியாது. பிராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, இரண்டையும் அடையாளம் கண்டு, வலது கிளிக்கில் 'கில்' கொடுக்காமல் 'சஸ்பெண்ட்' கொடுங்கள். வரி சாம்பல் நிறமாகும். உறைந்துபோன பிராசஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே மற்றது எழுப்ப வராது. இரண்டாவதையும் உறையவைத்த பிறகு, நிதானமாக இரண்டையும் ஒவ்வொன்றாக முடியுங்கள். எழுப்ப யாருமில்லை. உடனே ஆட்டோரன்ஸில் அவற்றின் அழைப்புகளையும், டிஸ்கில் கோப்புகளையும் நீக்கிவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் சேஃப் மோட். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. நெட் வேண்டுமானால் 5. இங்கே விண்டோஸ் அடிப்படைத் தேவைகளை மட்டும் ஏற்றுவதால், தானாக ஓடும் பெரும்பாலானவை ஓடாது. நேற்று 'பயன்பாட்டில் உள்ளது' என்று அழிய மறுத்த கோப்பு இன்று சத்தமின்றி அழியும்.

கோப்பே இல்லாத மிச்சங்கள்

மால்வேர் போய்விட்டாலும் அது மாற்றி வைத்த அமைப்பு அப்படியே இருக்கலாம். இதற்குப் பெரிய சாட்சி டிஎன்எஸ்சேஞ்சர். எஸ்டோனியாவைச் சேர்ந்த கும்பல் ஒன்று பரப்பிய இது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில், தளப் பெயருக்கான முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி, எந்தத் தளத்தின் பெயரை அடித்தாலும் தன் சர்வரிடம் கேட்கும்படி செய்திருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்திய விசாரணையில் கும்பல் பிடிபட்டது. அந்த சர்வர்களை அப்போதே அணைத்திருந்தால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நெட் நின்றுபோயிருக்கும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு மாற்று சர்வர்களை வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே மாதிரி தவறான பக்கங்கள் வந்தால் ரௌட்டரைச் சந்தேகியுங்கள். அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, வாங்கியபோது இருந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேபிள்காரர் அமைத்துக் கொடுத்த ரௌட்டர் என்றால், ரீசெட்டுக்கு முன் லாகின் விவரத்தை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் நெட்வொர்க் செட்டிங்ஸ், பிராக்ஸி என்று போய், நீங்கள் போடாத பிராக்ஸி எதுவும் இல்லையா என்றும் பாருங்கள்.

2014 கடைசியில் விற்ற லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தயாரிப்பிலேயே சேர்ந்து வந்தது. அதை அன்இன்ஸ்டால் செய்தாலும், பாதுகாப்பான தளங்களுக்கு நடுவே புகுந்து படிக்க அது போட்டிருந்த ரூட் சர்டிஃபிகேட் போகவில்லை. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்த பிறகு அதற்கெனத் தனி நீக்கியையே வெளியிட வேண்டியிருந்தது. அன்இன்ஸ்டால் என்ற சொல்லை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம் என்று சொல்லும்போது, இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பென்டிரைவ்

நம் ஊரில் மறுதொற்றுக்கு இன்னும் பெரிய வாசல் இதுதான். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொடுத்து வாங்கிய பென்டிரைவை வீட்டில் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கோப்புகள் அழிந்துவிடவில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதை இரண்டு முறை கிளிக் செய்தால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், பின்னணியில் வைரஸும் ஓடும். ஆகவே எந்த ஷார்ட்கட்டையும் தொடாமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ டேபில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் உண்மையான ஃபோல்டர்கள் தெரியும். சில வகைகளில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்து, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு பென்டிரைவையும், கேமரா கார்டையும் இப்படிப் பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் அடுத்த வாரம் எல்லாம் மறுபடி வரும். பிரின்ட் எடுக்க மட்டும் போவதானால் கோப்பை மெயிலில் அனுப்பிவிடுவது நல்லது.

எப்போது ஃபார்மட்

சில நிலைகளில் துருவிக்கொண்டிருப்பதே ஆபத்து. டிஃபெண்டரைப் போடவே விடாமல் அணைத்துக்கொண்டே இருந்தால், ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் அதே பெயர் வந்தால், ரூட்கிட் என்ற சொல் முடிவுகளில் தென்பட்டால், பாஸ்வேர்ட் திருடி உள்ளே இருந்தது உறுதியானால், நான் ஃபார்மட்டையே சொல்வேன். ரூட்கிட் விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, விண்டோஸுக்கே பொய் சொல்லும். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் ஒரு சாதாரண அப்டேட்டுக்குப் பிறகு பல கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. அலுரியான் என்ற ரூட்கிட் அதுவரை யார் கண்ணிலும் படாமல் அவற்றில் இருந்ததே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

வழி இரண்டு. செட்டிங்ஸில் ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி கொடுத்து, 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுப்பது ஒன்று. விண்டோஸை மைக்ரோசாஃப்டிடமிருந்தே புதிதாக இறக்கிக்கொள்ளும். ரூட்கிட் சந்தேகம் இருந்தால் இரண்டாவது வழிதான்: வேறொரு கம்ப்யூட்டரில் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, பழைய பார்ட்டிஷன்கள் அனைத்தையும் அழித்துவிட்டுப் போடுவது. டி டிரைவும் போய்விடும் என்பதால் நகல் முழுமையா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

சர்வீஸ் கடையில் கொடுப்பதானால் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். லேப்டாப்போடு ஒரிஜினல் விண்டோஸ் வந்திருந்தால் அதன் உரிமம் மெஷினோடு பிணைந்திருக்கிறது. ஹோம் என்றால் ஹோம், அதே எடிஷனைப் போட்டு நெட்டை இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடையில் வழக்கம்போல புரோ எடிஷனைப் போட்டு ஆக்டிவேட்டர் ஓட்டிக் கொடுத்தால், வைரஸை விரட்டப் போன இடத்திலேயே புதியதை வாங்கிவந்ததாக முடியலாம். உரிமமே இல்லாத பழைய மெஷின் என்றாலும் ஆக்டிவேட்டர் வேண்டாம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் மூலையில் ஒரு வரியைக் காட்டும், வால்பேப்பர் மாற்ற விடாது; பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் போடப்போகிறீர்கள் என்றால், மெஷின் தாங்குமானால் 11-ஐயே போடுங்கள்.

ரான்சம்வேர் வந்தவர்கள் அவசரப்படவேண்டாம். ஃபார்மட்டுக்கு முன், பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் புதிய டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். 2016-இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களோடு தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பூட்டிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அதற்குத் திறவுகோல் உண்டா என்று சொல்லும். எல்லா வகைக்கும் இல்லை. இன்று இல்லாதது பின்னால் கிடைக்கலாம் என்பதால்தான் டிஸ்கைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். பணம் கட்டாதீர்கள், கட்டினால் திறக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சுத்தமான பிறகு

மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. பிறகு பேங்க், அடுத்து மற்றவை. பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது. திருடிய குக்கீயை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய முடியும். ஒவ்வொரு கணக்கிலும் லாகின் ஆகியுள்ள டிவைஸ்களின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திராமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. எழுத்துப் புகாருக்குத் தேசிய சைபர்கிரைம் தளம் இருக்கிறது.

தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு ஒன்றை உண்டாக்கி, அட்மின் கணக்கைத் தனியே வையுங்கள். மென்பொருள் எதையும் நிறுவ அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்போது, பிள்ளைகள் உங்களிடம் வந்து நிற்பார்கள். அந்த நிமிடத்தில் பாதி தொல்லை நின்றுவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் கோப்பின் பின்னொட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் வேடம் போட்ட இஎக்ஸ்இ கண்ணில் படும். இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொல்லும் பக்கம் எதுவாயினும் உடனே மூடவேண்டும். அப்படிப் பேஸ்ட் ஆவது மால்வேரை இறக்கும் கட்டளை.

நகலெடுத்து வைத்த டிஸ்கை இணைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்து, பிறகு கோப்புகளைத் திரும்பப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து டாஸ்க் ஷெட்யூலர், எக்ஸ்க்ளூஷன்ஸ், பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியல் மூன்றையும் திறந்து பாருங்கள். பழைய பெயர் மறுபடி தென்பட்டால், அது இந்த மெஷினுக்கு வெளியிலிருந்து வருகிறது: பார்க்காமல் விட்ட பென்டிரைவ், சிங்க் ஆகும் கணக்கு, வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டர். தேடலை அங்கே தொடருங்கள்.